தெர்சைட்டீஸின் முதுகு

சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு பொட்டலம் கிடந்தது. மகள் சேரவிருந்த கல்லூரியிலிருந்து வந்திருந்தது. விடுதி அறைக்கு வாங்க வேண்டிய போர்வை, மேசை விளக்கு பற்றிய பட்டியலாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே கனத்த புத்தகம் ஒன்று: ஹோமரின் ‘இலியட்’, ஆங்கில மொழிபெயர்ப்பில். கூடவே ஒரு பக்கக் கடிதம். எந்தத் துறையில் சேர்ந்தவராக இருந்தாலும் முதலாண்டு மாணவர் அனைவரும் முதல் ஆறு காண்டங்களை வாசித்துவிட்டு வர வேண்டும், முதல் வாரத்திலேயே வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தது.

மகள் உயிரியல் படிக்கப் போகிறவள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கும் செல் பயாலஜிக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் திருச்சியில் பொறியியல் படித்துவிட்டு, 2000-ல் முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கா வந்தவன். இருபது வருடங்களுக்கு மேலாக வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மென்பொருள் ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். ஹோமர் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்துப் பொது அறிவு வினாவிடைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். வேலைக்கு உதவாத ஒரு புத்தகத்தைப் படித்தே ஆக வேண்டும் என்று என் கல்லூரிகளில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த வாரக் கடைசியில் நண்பர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூடியிருந்தபோது பேச்சு இதில் வந்து நின்றது. ஒரு நண்பர் கட்டணத்தைக் கணக்குப் போட்டார். “வருஷத்துக்கு இவ்வளவு வாங்கிக்கிட்டு மூவாயிரம் வருஷத்துச் சண்டைக் கதையா சொல்லித் தர்றாங்க?” என்றார். இன்னொருவருக்குக் கோபம் வேறு திசையில் இருந்தது. “கட்டாயம்னு ஒண்ணு வச்சா நம்ம புறநானூற வைக்கட்டுமே. இவங்க வீட்டு அஸ்திவாரத்த நம்ம பிள்ளைங்க எதுக்குச் சுமக்கணும்?” என்றார். இரண்டாவது கேள்வி என்னைத் தொட்டது. அன்று இரவே கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மை, அறுபடாத மரபு, உலகப் பொதுமை என்று பாதிப் பக்கம் ஓடியது. எட்டிப் பார்த்த மனைவி, “முதல்ல அவங்க அனுப்பினதப் படிச்சிட்டு எழுதுங்களேன்” என்றாள். அந்த ஒரு வார்த்தையால் வந்தது இந்தக் கட்டுரை.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கிரேக்க மொழி தெரியாமல் கேம்பிரிட்ஜிலோ ஆக்ஸ்ஃபோர்டிலோ படிக்க முடியாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. கேம்பிரிட்ஜ் அந்தக் கட்டாயத்தை 1919-ல் கைவிட்டது, ஆக்ஸ்ஃபோர்டு 1920-ல். அந்தக் கட்டாயத்தின் நிழல் நம் ஊர்வரை விழுந்திருக்கிறது. 1855-ல் இந்திய சிவில் சர்வீசுக்கு லண்டனில் நடந்த முதல் போட்டித் தேர்வில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபு மொழிக்கு 375. தமிழ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் வரி வசூலித்து வழக்குத் தீர்க்கப் போகிற ஓர் இளைஞனின் தகுதியை ஹோமரை வைத்து அளந்தார்கள். ஆகவே என் நண்பரின் கோபம் காரணமில்லாத கோபமல்ல. கிரேக்கம் நமக்கு முதலில் அறிமுகமானது படிக்கிற புத்தகமாக அல்ல, சாத்திய கதவாக.

ஆனால் என் மகளின் கையில் இருந்த புத்தகம் அந்தக் கதவு திறந்த பிறகு வந்தது. மொழி கட்டாயமில்லை என்றான பிறகுதான், மொழிபெயர்ப்பில் எல்லோரும் படிக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. முதல் உலகப் போர் முடிந்து பிரான்சிலிருந்து திரும்பிய ஜான் எர்ஸ்கின் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1920-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். வாரம் ஒரு பெரும் நூல், நேற்று வெளிவந்த புத்தகத்தைப் போல அதை வாசித்துவிட்டு வந்து வட்டமாக உட்கார்ந்து பேசுவது. உரையாசிரியர்களுக்கு அங்கே முன்னுரிமை இல்லை. அந்த விதையிலிருந்து 1937-ல் கொலம்பியாவின் முதலாண்டு மாணவர் அனைவருக்குமான ஹியூமானிட்டீஸ் பாடம் வந்தது. அதே 1937-ல், மூடிவிடும் நிலையில் இருந்த அன்னாபொலிஸ் நகரத்து செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, தன் நான்காண்டுப் படிப்பு முழுவதையும் இப்படிப்பட்ட நூல்களைக் கொண்டு அமைத்தது. இரண்டு இடங்களிலும் முதல் புத்தகம் இலியட்.

எல்லோருக்கும் பொது என்று தொடங்கியது எல்லோரையும் உள்ளே விட்டதா என்றால், இல்லை. கொலம்பியா கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1983-ல்தான். அந்தப் பாடத்தின் பட்டியலில் ஒரு பெண் எழுதிய புத்தகம், ஜேன் ஆஸ்டினுடையது, 1985-ல் வந்தது. டோனி மாரிசன் 2015-ல் வந்தார். அங்குள்ள பட்லர் நூலகத்தின் நெற்றியில் ஹோமர் தொடங்கி ஆண்களின் பெயர்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். 1989-ல் மாணவிகள் அவற்றுக்கு மேலே பெண் எழுத்தாளர்களின் பெயர்களை எழுதி ஒரு நீண்ட பதாகை கட்டினார்கள். ஓரிகன் மாநிலத்து ரீட் கல்லூரியில் 2016-ல் மாணவர்கள் முதலாண்டுக் கட்டாயப் பாடத்தின் வகுப்பறைக்குள்ளேயே அட்டைகளோடு அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2018-ல் அந்தப் பாடத்திட்டம் மாற்றப்பட்டது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, கடிதத்தை முடித்து அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல், மகள் படித்து முடித்து வைத்த இடத்திலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொள்வேன்.

நான் எதிர்பார்த்தது மரக்குதிரை. இலியட்டில் மரக்குதிரை இல்லை. டிராய் நகரம் வீழ்வதும் இல்லை, அக்கிலிஸின் குதிகாலில் அம்பு தைப்பதும் இல்லை. பத்தாண்டுப் போரின் கடைசிப் பகுதியில் சில வாரங்கள் மட்டும்தான் கதை. கிரேக்க மூலத்தில் காவியத்தின் முதல் சொல்லே சினம் என்ற பொருள் தருவது என்று முன்னுரையில் இருந்தது. படைத்தலைவன் அகமெம்னான், பெரும் வீரன் அக்கிலிஸுக்குப் போர்ப் பரிசாகக் கிடைத்த பிரைசிஸ் என்ற பெண்ணைப் பறித்துக்கொள்கிறான். அக்கிலிஸ் எல்லோர் முன்னிலையிலும் தலைவனைக் குடிகாரன் என்றும் நாய் முகத்தான் என்றும் ஏசுகிறான். நாங்கள் ரத்தம் சிந்த, கொள்ளையில் பெரும்பங்கு உனக்கா என்று கேட்கிறான். இனிப் போரிட மாட்டேன் என்று கூடாரத்துக்குப் போய்விடுகிறான். யாரும் அவன்மேல் கை வைக்கவில்லை.

இரண்டாம் காண்டத்தில் இன்னொருவன் எழுந்து பேசுகிறான். பெயர் தெர்சைட்டீஸ். மற்ற வீரர்களை இன்னார் மகன் என்று அப்பன் பெயரோடு சொல்லும் ஹோமர் இவனுக்கு அப்பன் பெயரும் சொல்லவில்லை, ஊர்ப் பெயரும் சொல்லவில்லை. டிராய்க்கு வந்தவர்களிலேயே அவலட்சணமானவன் என்று வர்ணனை மட்டும் தருகிறார்: வளைந்த கால், ஒரு கால் நொண்டி, கூனிய தோள், கூம்பிய தலையில் நாலு மயிர். அவன் கேட்பது அக்கிலிஸ் கேட்ட அதே கேள்விதான். உன் கூடாரம் நிறைய வெண்கலமும் பெண்களும் இருக்க, இன்னும் உனக்கு என்ன வேண்டும் என்று தலைவனைக் கேட்கிறான். ஊருக்குத் திரும்புவோம் வாருங்கள் என்று வீரர்களை அழைக்கிறான். உடனே ஒடிசியஸ் வந்து, கையிலிருந்த அகமெம்னானின் செங்கோலால் அவன் முதுகிலும் தோளிலும் அடிக்கிறான். முதுகில் ரத்தம் கட்டித் தடிக்கிறது. தெர்சைட்டீஸ் உட்கார்ந்து கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். படையில் எல்லோரும், தங்கள் சொந்த வருத்தத்தையும் மறந்து, அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

எங்கள் ஊர் தஞ்சைப் பக்கம், காவிரிப் பாசனம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். சம்பா அறுவடை முடிந்து களத்தில் கூலி நெல் அளந்துகொண்டிருந்தார்கள். தாத்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வைக்கோல் போரின் மேல் ஏறி இருந்தேன். தெற்குத் தெருவிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒருவர், என் அப்பாவைவிட மூத்தவர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மரக்கால் தலை தட்டி அளப்பதைப் பற்றி ஏதோ சொன்னார். குரல் உயரவில்லை. பேசிக்கொண்டபடி அளக்கவில்லை என்பது அவருடைய வாதம். தாத்தா எழுந்து கைத்தடியால் அவர் முதுகில் இரண்டு முறை அடித்தார். அவர் தடுக்கி நெல் குவியலின் மேல் விழுந்தார். விழுந்த கோலத்தைப் பார்த்துக் களத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய தெருக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தாத்தா கெட்டவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஊருக்குக் குளம் வெட்டியவர், என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். அந்தக் களத்துச் சம்பவம் எனக்கு மறக்கவும் இல்லை, நினைவில் வரவும் இல்லை. அது ஒரு சம்பவம் என்பதே தோன்றாமல் முப்பத்தெட்டு வருடம் இருந்துவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது கீழ்வெண்மணி. கூலி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு அங்கே 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதைப் பற்றிப் பின்னாளில் படித்திருக்கிறேன், வேதனைப்பட்டிருக்கிறேன், நண்பர்களோடு பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம்கூட எங்கள் களம் என் நினைவுக்கு வரவில்லை. நியூ ஜெர்சியில், சாப்பாட்டு மேசை விளக்கடியில், சின்ன ஆசியாவின் கடற்கரையில் எவனோ ஒருவன் அடிபட்டபோதுதான் வந்தது.

ஏன் அப்படி என்று பல நாள் யோசித்தேன். கட்டாய வாசிப்புக்கு எந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இந்த யோசனையில்தான் இருக்கிறது.

இதே காட்சி நம்முடைய பழைய நூல் ஒன்றில் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஒன்று, அது பிற்காலச் செருகல் என்று சொல்லியிருப்பேன். அல்லது அந்தக் காலத்து நிலைமையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடியிருப்பேன். அல்லது வேறொருவர் அதை எடுத்துக் காட்டினால், நம்மைக் கேவலப்படுத்தப் பார்க்கிறார் என்று கோபப்பட்டிருப்பேன். நம்முடையது என்று ஆனவுடன் அதைக் காக்கிற வேலை நமக்கு வந்துவிடுகிறது. காவல் காப்பவன் வாசிக்க முடியாது. ஹோமரைக் காக்க வேண்டிய கடமை எனக்கு எதுவும் இல்லாததால், நிராயுதபாணியாகப் போய் மாட்டிக்கொண்டேன்.

அப்படியானால் வெள்ளைக்கார மாணவர்கள் என்ன செய்வார்கள், அவர்களுக்கு அது தங்கள் வீட்டுச் சொத்தாயிற்றே என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்தச் சொத்துரிமைப் பத்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். டிராய் இருந்ததாகக் கருதப்படும் ஹிசார்லிக் மேடு இன்று துருக்கியில் இருக்கிறது. ஹோமரின் பாடத்தை ஒப்பிட்டுச் செப்பம் செய்த அறிஞர்கள் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்தார்கள். இலியட்டின் பழைய பாப்பிரஸ் துண்டுகள் பெருவாரியாகக் கிடைத்ததும் எகிப்து மணலில்தான். இன்று கிடைக்கும் மிகப் பழைய முழுமையான கைப்பிரதி பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பைசாந்தியக் கைப்பிரதி. அது பின்னாளில் வெனிஸ் போய்ச் சேர்ந்தது. அயோவாவில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவனுக்கும் என் மகளுக்கும் இதில் பங்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். போதாக்குறைக்கு, ஹோமரின் மொழி பெரும்பாலும் அயோனியக் கிரேக்கம். அந்த அயோனியா என்ற பெயர்தான் நம் சங்கப் பாடல்களில் யவனர் என்று வந்து நிற்கிறது. முசிறியிலிருந்து போன சரக்கைப் பற்றிய இரண்டாம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று கிரேக்க மொழியில் எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் பாதுகாப்பாக இருக்கிறது. மிளகு வாங்க வந்தவர்களின் புத்தகத்தை முழுக்க அந்நியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கேள்வியில் இரண்டு பேரை நான் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இருவரும் டொமினிக்கன் குடியரசில் பிறந்து, நியூயார்க்கில் ஏழைக் குடியேறிகளாக வளர்ந்தவர்கள். ரூசவெல்ட் மொன்டாஸ் கொலம்பியாவில் படித்து, பின்னர் பத்தாண்டுகள் அதே கட்டாயப் பாடங்களின் மையத்துக்கு இயக்குநராக இருந்தார். இந்த நூல்கள் தன்னைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் அதிகம் தேவை, பன்முகத்தன்மை என்ற பெயரில் அவற்றை அவர்களிடமிருந்து எடுத்துவிடக் கூடாது என்று 2021-ல் வந்த தன் புத்தகத்தில் வாதிடுகிறார். டான்-எல் படில்லா பெரால்டா முறையான குடியுரிமை ஆவணம் இல்லாமல் வளர்ந்து, பிரின்ஸ்டனில் படித்து, அங்கேயே செவ்வியல் துறைப் பேராசிரியர் ஆனவர். கிரேக்க-ரோமானியப் படிப்பு வெள்ளையினப் பெருமைக்கு நெடுங்காலம் அடித்தளமாக உழைத்திருக்கிறது, அந்தத் துறை இப்படியே தொடர வேண்டுமா என்று கேட்கிறார். ஒரே தீவில் பிறந்து, ஒரே நகரத்தில் வளர்ந்து, ஒரே புத்தகங்களால் உயர்ந்த இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். முதலில் யார் சரி என்று தீர்ப்பளிக்கப் பார்த்தேன். இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. படில்லா பெரால்டா கேட்கிற கேள்வியைக் கேட்க அவருக்கு ஹோமரையும் மற்றவர்களையும் வரி வரியாகப் படித்திருக்க வேண்டியிருந்தது. படித்தவர் கேட்கிற கேள்விக்கும் பாதிக் கடிதம் எழுதிய என் கேள்விக்கும் தூரம் அதிகம்.

நம்மவர் ஒருவரும் இந்த வழியில் போய் வந்திருக்கிறார். பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் ஆய்வு செய்தார். ஹோமரின் காவியங்கள் வாய்மொழிப் பாணர்களின் வழிவந்தவை என்று மில்மன் பாரி யூகோஸ்லாவியக் கிராமப் பாடகர்களை ஆராய்ந்து சொன்னதை எடுத்துக்கொண்டு, நம் பாணர்களின் பாடல்களை அதன் வெளிச்சத்தில் பார்த்தார். அந்த ஆய்வு 1968-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்களா என்பதில் அவரோடு உடன்படாத அறிஞர்கள் பலர். அது வேறு விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது, ஹோமர் அவருக்குத் தமிழுக்குத் திரும்பி வரும் பாதையாக இருந்தார் என்பதுதான்.

ஆகஸ்டில் மகளைக் காரில் அழைத்துக்கொண்டு போய்க் கல்லூரியில் விட்டோம். போகும் வழியில் என் பாதிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். திருக்குறளை வைக்கச் சொல்லலாம் என்றிருந்தேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, நான் எட்டு வருஷம் தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். போட்டிக்காக இருநூறு குறள் மனப்பாடம் பண்ணேன். ஒரு குறளுக்கு ஒரு டாலர் குடுத்தாங்க. ஆனா வள்ளுவர் சொல்றது சரியான்னு ஒருத்தர்கூட என்கிட்ட கேட்டதில்ல.”

அந்தத் தமிழ்ப் பள்ளியில் நானும் தன்னார்வ ஆசிரியர். அவள் வகுப்புக்கே இரண்டு வருடம் பாடம் எடுத்தவன். மனப்பாடம் செய்யாத பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசியவன். கட்டாய வாசிப்பு அநியாயம் என்று கல்லூரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவனும் அதே நான்தான். நான் நடத்தியது வாசிப்பு அல்ல என்று அப்போது புரிந்தது. மொழி தேய்ந்துவிடுமோ என்ற பயத்தில், பிள்ளைகளின் கையில் கொடுக்காமல் அவர்கள் தலைமேல் ஏற்றி வைத்தேன். பயம் நியாயமானது. குறள் நாக்கில் தங்கினால் பிறகு ஒருநாள் புரியும் என்பதும் பொய்யல்ல. ஆனாலும் கேட்கவே விடாத ஒரு புத்தகத்தின் மேல் ஒரு பிள்ளைக்கு மரியாதை வரலாம், உறவு வராது.

கல்லூரி சொன்ன கட்டாயம் வேறு மாதிரியானது என்பதை மகள் செப்டம்பரில் தொலைபேசியில் சொன்னவற்றிலிருந்து தெரிந்துகொண்டேன். அவள் வகுப்பில் பதினெட்டுப் பேர். இரண்டாம் காண்டத்தின் கப்பல் பட்டியல் எல்லோரையும் தூங்க வைத்தது. பிரைசிஸுக்கு ஏன் முதல் காண்டத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். ஆசிரியர் அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த வாரக் கட்டுரைக்கான தலைப்பாக்கிவிட்டார். பத்தொன்பதாம் காண்டத்தில் பிரைசிஸ் வாய் திறந்து அழுகிறாள், அதுவரை படித்துவிட்டு எழுதுங்கள் என்றாராம். ராணுவத்திலிருந்து வந்து படிக்கும் சற்று மூத்த மாணவர் ஒருவர், நண்பனைப் பறிகொடுத்த அக்கிலிஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாராம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர், அக்கிலிஸையும் அவர்களையும் ஒப்பிட்டு 1994-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்த வகுப்பில் அது புத்தகமாக இல்லாமல் ஆளாகவே உட்கார்ந்திருந்தது.

இப்போது என் கருத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் இலக்கியம் படித்தவனில்லை. ஒரு தகப்பன் என்ற அளவில் சொல்கிறேன்.

ஊர் பேர் தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடும்போது, எல்லோரும் படித்த ஒரு புத்தகம் இருப்பது நல்லது. வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கும்போது, அடுத்த இரவு என்ன நடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கர்ணன் செய்தது சரியா என்று டீக்கடையில் சண்டை போட முடிகிறது. பொதுக்கதை இல்லாத இடத்தில் சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது. நம் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட கூத்து எதுவும் இல்லை. தனித்தனி அறைகளில் தனித்தனித் திரைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

அந்தப் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதை வைத்துப் பெருமை பேச வருகிறவனை அந்தப் புத்தகமே கூச வைக்க வேண்டும். இலியட் அதைச் செய்கிறது. கிரேக்கர்களின் காவியம், எதிரியான ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு முடிகிறது. மகனைக் கொன்றவனின் கூடாரத்துக்கு இரவில் தனியாக வரும் கிழட்டு அரசன் பிரியம், அந்தக் கொலைகாரக் கைகளை முத்தமிட்டு உடலைக் கேட்கிறான். அக்கிலிஸ் ஊரில் இருக்கும் தன் தகப்பனை நினைத்து அழுகிறான். இருவரும் சேர்ந்து அழுதுவிட்டுச் சாப்பிடுகிறார்கள். ஈமச்சடங்கு முடியும்வரை போரை நிறுத்துவதாக அக்கிலிஸ் வாக்குக் கொடுக்கிறான். பன்னிரண்டாம் நாள் போர் மறுபடி தொடங்கும் என்பது இருவருக்கும் தெரியும். எதிரியின் பிணத்தை என்ன செய்வது, அவன் வீட்டார் அழ இடம் விடுவதா என்பது, இதைப் படிக்கும் நம்மில் பலருக்குக் காவியக் கேள்வி அல்ல. துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டதை 2009-க்குப் பிறகு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, கட்டாயம் வாசிப்பதோடு நிற்க வேண்டும். வணங்குவது கட்டாயமாகக் கூடாது. தெர்சைட்டீஸை அடித்தது சரி என்றுதான் ஹோமரின் படைவீரர்கள் நினைக்கிறார்கள். ஹோமரும் அப்படித்தான் நினைத்தாரோ என்னவோ. ஆனால் அவன் பேசியதை முழுக்க எழுதி வைத்துவிட்டார். முதுகில் எழுந்த தடிப்பையும் எழுதிவிட்டார். ஹோமரோடு சண்டை போட வேண்டிய ஆதாரத்தை ஹோமரே கொடுக்கிறார். அப்படிச் சண்டை போட இடம் கொடுக்கிற தமிழ் நூல்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றை இலியட்டுக்குப் பதிலாக வைக்கச் சொல்ல மாட்டேன். இலியட்டோடு சேர்த்து வைக்கச் சொல்வேன், அதுவும் முதலில் எங்கள் தமிழ்ப் பள்ளியில். கடிதத்தை அழித்துவிட்டேன். இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரே ஒரு குறள், அதை மறுத்துப் பேசுகிறவருக்கும் ஆதரித்துப் பேசுகிறவருக்கும் சம நேரம் என்று ஆரம்பித்திருக்கிறோம். இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள்.

அக்டோபரில் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது, களத்தில் தாத்தாவிடம் அடிபட்டவரின் பெயர் என்ன என்று கேட்டேன். “இப்ப எதுக்கு அதெல்லாம்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அவன் செத்து இருபது வருஷம் ஆச்சே” என்று சொல்லிவிட்டுப் பெயரைச் சொன்னார். எழுபத்தைந்து வயது அம்மா, தன்னைவிட மூத்த ஒருவரை அவன் என்றுதான் சொன்னார். நானும் சிறுவயதில் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன். பிள்ளைகள் ஊரில் இருப்பதால் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

நன்றி சொல்லும் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொள்ளுத்தாத்தாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள், அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாலையோடு இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீங்களும் சிரிச்சீங்களா?”

“ஆமா” என்றேன்.